தமிழகத்தில் மனச்சோர்வை அறிதலும் மருத்துவ உதவி நாடலும்: ஒரு வரலாறு

மனச்சோர்வு என்பது மனம், உடல், சிந்தனை மூன்றையும் ஒருசேரப் பாதிக்கும் ஒரு நோய் ஆகும். இழப்பினாலோ ஏமாற்றத்தினாலோ வந்து சில நாள்களில் தணிந்துவிடும் வருத்தத்திலிருந்து இது வேறானது. இந்தியாவில் 2015-16ஆம் ஆண்டுகளில் பெங்களூரின் நிமான்சு நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். அந்த 12 மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலச் சிக்கல்கள் உடையோரில் 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்பதும் அதில் தெரியவந்தது.

சிகிச்சை இருந்தும் மக்கள் ஏன் அதை நாடவில்லை? மருத்துவமனைகளின் தொலைவும் மருத்துவர்களின் பற்றாக்குறையும் காரணங்கள்தாம். ஆனால் அவற்றுக்கு முன்னதாக ஒரு காரணம் உண்டு. தமக்கு வந்திருப்பது நோய் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்ச் சமூகம் இந்நோயை எவ்வாறு கண்டது, எங்கே காணத் தவறியது, உதவி கேட்கும் வழிகள் எவ்வாறு உருவாயின என்பதை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

சொல்லும் பொருளும்

தமிழில் இந்நோய்க்கு மனச்சோர்வு, மனத்தளர்ச்சி, உளச்சோர்வு, மன அழுத்தம் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் 'மன அழுத்தம்' என்பதே நாளிதழ்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. இச்சொல்லால் ஒரு குழப்பம் நேர்கிறது. வேலைச்சுமை, தேர்வு, கடன் முதலியவற்றால் வரும் நெருக்கடியையும் மன அழுத்தம் என்கிறோம். வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாத நோயையும் மன அழுத்தம் என்கிறோம். முன்னதற்கு ஓய்வும் ஊர்ப் பயணமும் போதுமானவையாக இருக்கலாம். பின்னதற்கு மருத்துவர் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால், நோயாளிக்கும் "நாலு நாள் எங்கேயாவது போயிட்டு வா, சரியாயிடும்" என்ற அறிவுரையே கிடைக்கிறது. ஆகவே இக்கட்டுரையில் நோயைக் குறிக்க மனச்சோர்வு என்ற சொல்லே ஆளப்படுகிறது.

மக்கள் வழக்கில் இப்பெயர்கள் எவையும் எளிதில் வருவதில்லை. "மனசு சரியில்லை", "எதுலயும் ஒட்டலை", "உடம்பு அசதியா இருக்கு", "நெஞ்சு அடைக்குது" என்றே சொல்வார்கள். அண்மைக் காலத்தில் இளைஞர்கள் 'டிப்ரஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தயங்காமல் பயன்படுத்துகின்றனர். அதைக் கேட்கும் பெரியவர்கள் அதை நாகரிகப் பேச்சு என ஒதுக்கிவிடுவதும் உண்டு.

பழைய மரபுகளில்

சங்க அக இலக்கியத்தில் வெறியாட்டு என்றொரு நிகழ்வு பலமுறை பேசப்படுகிறது. மகள் உணவை வெறுக்கிறாள், உறக்கம் இழக்கிறாள், உடல் மெலிந்து வளை நெகிழ்கிறது, மேனியில் பசலை படர்கிறது. இதைக் கண்டு கலங்கும் தாய் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். முருகன் அணங்கியதே காரணம் எனக் கொண்டு வேலனை வரவழைத்து, மறியறுத்து வெறியாட்டு நடத்துகிறாள். உண்மைக் காரணம் தலைவனின் பிரிவு என்பது தலைவிக்கும் தோழிக்கும் மட்டுமே தெரியும்.

தலைவியின் நிலையை இன்றைய மருத்துவப் பொருளில் மனச்சோர்வு என்று சொல்லிவிடுதல் கூடாது. அது காதல் துயரம். எனினும் இக்காட்சி இரண்டு செய்திகளைத் தருகிறது. மனத்தின் துன்பம் ஊண், உறக்கம், உடல் எடை ஆகியவற்றில் வெளிப்படும் என்பதை அக்காலத்தவர் கூர்ந்து அறிந்திருந்தனர். அறிகுறியைச் சரியாகக் கண்ட தாயே காரணத்தைத் தவறாகக் கொள்ளக்கூடும் என்பதையும் அறிந்திருந்தனர்.

ஆயுர்வேதத்தின் சரக சம்கிதை, நோயை வளர்ப்பவற்றுள் முதன்மையானது விசாதம் எனப்படும் மனத்துயர் என்கிறது. சித்த மருத்துவம் மனநோய்களைக் கிரிகை என்ற பெயரில் 18 வகையாகப் பகுக்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என வரையறுக்கிறது. இவற்றுள் நான்காமவரின் இடம் பின்னர் மனநல மருத்துவத்தில் பெரிதாயிற்று.

மேலை மருத்துவத்தில்

கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசின் மரபில், அச்சமும் துயரமும் நெடுநாள் நீடித்தால் அது 'மெலங்கோலியா' எனப்பட்டது. கறுப்புப் பித்தம் மிகுவதே அதற்குக் காரணம் எனக் கருதினர். அச்சொல்லின் பொருளும் கறுப்புப் பித்தம் என்பதே. இக்கொள்கை ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1621இல் இராபர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் மெலங்கோலியாவைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செருமானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் மனநோய்களை அவற்றின் போக்கை வைத்து வகைப்படுத்தினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மெலங்கோலியா என்ற பெயர் மெல்ல மறைந்து, 'டிப்ரஷன்' நிலைபெற்றது.

மருந்துகள் தற்செயலாகவே கிடைத்தன. 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்து கொடுக்கப்பட்டபோது அவர்களின் மனநிலையும் ஊக்கம் பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன் என்ற மருத்துவர், வேறொரு மனநோய்க்காக ஆய்வு செய்யப்பட்ட இமிப்ரமின் மருந்து மனச்சோர்வைக் குறைப்பதைக் கண்டு 1957இல் வெளியிட்டார். ஆரன் பெக் என்ற அமெரிக்கர் 1960களில், மனச்சோர்வு உடையவரின் சிந்தனைப் போக்கைப் பேச்சின் வழியே திருத்தும் அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கினார். 1987 இறுதியில் அமெரிக்காவில் புளுவாக்செட்டின் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பக்க விளைவுகள் குறைந்த இவ்வகை மருந்துகள் வந்தபின், மருத்துவமனையில் சேராமல் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவது எளிதாயிற்று.

கீழ்ப்பாக்கம்

சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் இல்லம் 1794இல் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலண்டைன் கொனொலி 16 நோயாளிகளுடன் அதை நடத்தினார். அது தனியார் விடுதியைப் போன்றது. கம்பெனி அதற்குப் பணம் கொடுத்தது. பின்னர் அரசே கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் எனப்பட்ட நிலத்தில் புதிய கட்டடங்களை எழுப்பியது. 1871இல் அங்குக் காப்பகம் 145 நோயாளிகளுடன் செயல்படத் தொடங்கியது. 1922இல் அதன் பெயர் அரசு மனநோய் மருத்துவமனை என மாறியது. இன்று அது அரசு மனநலக் காப்பகம் எனப்படுகிறது.

அக்காலச் சட்டங்கள் காப்பகத்தின் தன்மையைத் தீர்மானித்தன. 1858ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குப்பின் வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டமும் மனநோயாளியைக் காவலில் வைக்க வேண்டியவராகவே முதன்மையாகக் கருதின. தெருவில் திரிபவரையும் பிறரைத் தாக்குபவரையும் காவலர் பிடித்து நீதிபதியிடம் நிறுத்துவார். ஆணையின் பேரில் அவர் உள்ளே அனுப்பப்படுவார். தாமாக வந்து சேர்வதற்கு 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருந்தபோதிலும், மதிற்சுவருக்குள் தாமாகச் செல்ல யார் முன்வருவர்?

இந்த ஏற்பாட்டில் மனச்சோர்வு உடையவருக்கு இடமில்லை. அவர் கூச்சலிடுவதில்லை. கல் எறிவதில்லை. வீட்டின் ஒரு மூலையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருப்பார். பிறருக்குத் தொல்லை தராதவர் என்பதாலேயே அவரை எவரும் நோயாளியாக எண்ணவில்லை. 'பைத்தியம்' என்ற சொல் ஆர்ப்பாட்டம் செய்பவருக்கே உரியதாயிற்று. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரோ திரைப்பட நகைச்சுவையிலும் பள்ளிக்கூடக் கேலியிலும் வசைச்சொல்லாக மாறியது. உதவி நாடுவதற்கு அந்த ஒரு கேலிச்சொல் எத்தனை பேரைத் தடுத்திருக்கும் என்பதை எந்தக் கணக்கெடுப்பும் சொல்ல முடியாது.

வெளிநோயாளர் பிரிவும் குடும்பமும்

மாற்றம் இரண்டு வழிகளில் வந்தது. முதலாவது, பொது மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் திறக்கப்பட்டமை. இந்தியாவில் இவ்வகையில் முதலாவது, 1933இல் கல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் கிரீந்திரசேகர் போசு தொடங்கியது. விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிகளிலும் இப்பிரிவுகள் உருவாயின. காய்ச்சலுக்குச் சீட்டு வாங்கும் அதே வரிசையில் நின்று மனத்துக்கும் சீட்டு வாங்கலாம் என்ற நிலை, தயங்கியவர்களுக்குப் பெரும் உதவியாக இருந்தது.

இரண்டாவது, குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்த்தமை. 1950களில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்கச் செய்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் 1950களில் தொடங்கிய தன் மனநல மையத்தில் உறவினர் ஒருவர் உடன் தங்குவதை வழக்கமாக்கியது. நோயைப் பற்றிக் குடும்பத்தாரும் கற்றுக்கொண்டு வீடு திரும்பினர்.

கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் மருத்துவர் மா. சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர். 1984இல் சென்னையில் 'சிகார்ஃப்' எனப்படும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தை உருவாக்கினார். 1992இல் பத்மபூசண் விருது பெற்ற அவர் 2021இல் மறைந்தார்.

உடல் வலியாக வரும் நோய்

மதுரை மருத்துவக் கல்லூரியில் மனநலத் துறையை வளர்த்த பேராசிரியர் அ. வெங்கோபராவ், மனச்சோர்வையும் தற்கொலையையும் பற்றி நீண்டகாலம் ஆய்வு செய்தவர். அவரும் அவர் காலத்து இந்திய ஆய்வாளர்களும் ஒன்றைக் கவனித்தனர். இங்கு மனச்சோர்வு உடையவர்கள் பெரும்பாலும் "துக்கமாக இருக்கிறது" என்று சொல்லி வருவதில்லை. தலைவலி, உடல்வலி, வயிற்றெரிச்சல், கைகால் எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை என்றே வருகிறார்கள்.

இவ்வலிகள் பொய்யானவை அல்ல, நோயின் பகுதியே. ஆனால் அவற்றின் காரணமாக நோயாளி வயிற்று மருத்துவர், எலும்பு மருத்துவர், இதய மருத்துவர் எனச் சுற்றி வருகிறார். எல்லாச் சோதனைகளும் சரியாக இருக்கின்றன. "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற விடையோடு வீடு திரும்புகிறார். ஒன்றுமில்லை என்ற சொல் அவருக்கு ஆறுதல் தருவதில்லை. தன் துன்பத்தை எவரும் நம்பவில்லை என்ற எண்ணமே மிஞ்சுகிறது.

ஏர்வாடி

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் உள்ள தர்காவுக்கு எல்லாச் சமயத்தவரும் மனநோய் தீர வேண்டி வருவது நெடுநாள் வழக்கம். திருச்சி அருகிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் அவ்வாறே செல்வர். மருத்துவமனை தராத ஒன்றை இத்தலங்கள் தந்தன. அங்கு வந்தவரை எவரும் இழிவாகப் பார்க்கவில்லை.

நம்பிக்கையைச் சுற்றி வணிகம் வளர்ந்ததே தீங்காயிற்று. ஏர்வாடியில் உரிமம் பெறாத காப்பகங்கள் பெருகின. 2001 ஆகத்து 6ஆம் நாள் அதிகாலையில் அவற்றுள் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் எரிந்தனர். 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் அரசு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். பின்னாளில் வழிபாட்டைத் தடுக்காமல், தலத்துக்கு அருகிலேயே மனநல மருத்துவரும் மருந்தும் கிடைக்கச் செய்யும் திட்டங்கள் ஏர்வாடியிலும் குணசீலத்திலும் ஏற்பட்டன. வேண்டுதலும் மருந்தும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதே இவற்றின் அடிப்படை.

பள்ளியும் தேர்வும்

1986இல் சென்னையில் மனநல மருத்துவர் இலட்சுமி விசயகுமார் 'சினேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற தொண்டர்கள் தொலைபேசியில் செவிமடுப்பதே அதன் பணி. தேர்வில் தோற்ற மாணவர்களின் மரணங்கள் ஆண்டுதோறும் நிகழ்வதைக் கண்டு, ஓராண்டை இழக்காமல் உடனே மறுதேர்வு எழுத வழி வேண்டும் என அவ்வமைப்பு வலியுறுத்தியது. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் உடனடித் துணைத்தேர்வு நடைமுறைக்கு வந்தது. மனநலத்துக்கு மருந்து மட்டுமன்றி, ஒரு நிருவாக ஆணையும் உதவக்கூடும் என்பதற்கு இது சான்று.

இக்கட்டுரையாளர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பி.எட். படிப்பில் கல்வி உளவியல் ஒரு பாடமாக இருந்தது. அதில் மனச்சோர்வைப் பற்றிப் படித்துத் தேர்வும் எழுதியதுண்டு. ஆயினும் நன்றாகப் படித்துவந்த ஒரு மாணவி பத்தாம் வகுப்பில் திடீரென வீட்டுப்பாடம் செய்யாமல், கடைசி வரிசையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருந்தபோது, அது நோயாக இருக்கலாம் என்று தோன்றவில்லை. "சோம்பேறி" என்ற சொல்தான் வாயில் வந்தது. வகுப்பில் நிற்க வைத்ததும் நினைவிருக்கிறது. சில மாதங்களில் அவள் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். பல ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிலையத்தில் கண்டபோது, தான் சிகிச்சை பெற்று நலமாக இருப்பதாகக் கூறினாள். "அப்ப எனக்கே என்னன்னு தெரியலை, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று அவளே ஆறுதலும் சொன்னாள். அவளுக்குத் தெரியாதது இயல்பு. ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஈழத்தில்

இலங்கையில் 1974இல் 'சுமித்ரயோ' என்ற நட்புதவி அமைப்பு தொடங்கியது. வடக்கில் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் மக்களின் மனத்தில் ஏற்படுத்திய காயங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதிவு செய்தார். 'மனவடு' என்ற நூல் அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. மருத்துவர்கள் மிகக் குறைவாக இருந்த சூழலில், ஆசிரியர்கள், கிராமத் தொண்டர்கள் ஆகியோருக்குப் பயிற்சி தந்து மனநலப் பணியில் ஈடுபடுத்தியது அங்குப் பெற்ற முக்கியமான அனுபவமாகும். 'உளவளத்துணை' என்ற அழகிய சொல்லும் ஈழத் தமிழர் தந்ததே.

சட்டமும் அரசுத் திட்டங்களும்

1982இல் தேசிய மனநலத் திட்டம் தொடங்கியது. அதன் பகுதியாக 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அது முதலில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்து, பின் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 1987இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கும் மாற்றாக வந்தது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். மனநலச் சிகிச்சை பெறுவதை அது ஓர் உரிமையாக்கியது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்றது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் எனக் கொண்டு, அவருக்குப் பராமரிப்பு அளிக்க வேண்டும் என்றும் கூறியது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. வழக்கு வரும் என்று அஞ்சி மருத்துவமனையில் உண்மையை மறைக்க வேண்டிய நிலை இவ்வாறு மாறியது.

அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் முதல் இரண்டில் ஒன்றேனும் உட்பட ஐந்து அறிகுறிகள், நாளின் பெரும்பகுதியும், இரண்டு வாரங்களுக்கு மேலும் நீடித்து, அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் மனச்சோர்வு எனக் கருதி மருத்துவரைக் காண வேண்டும்.

1. நீங்காத துயரம் அல்லது வெறுமை.
2. முன்பு விரும்பிய எதிலும் நாட்டம் இன்மை.
3. பசியும் உடல் எடையும் குறைதல் அல்லது மிகுதல்.
4. உறக்கம் வராமை, விடியுமுன் விழிப்பு வந்துவிடுதல் அல்லது மிகுதியான உறக்கம்.
5. பேச்சும் செயலும் மந்தமாதல் அல்லது இருப்புக்கொள்ளாமை.
6. சிறு வேலைக்கும் பெரும் சோர்வு.
7. தான் பயனற்றவர், பிறருக்குச் சுமை என்ற எண்ணம், அளவுமீறிய குற்றவுணர்வு.
8. கவனம் செலுத்தவும் முடிவெடுக்கவும் இயலாமை.
9. இறப்பைப் பற்றிய எண்ணங்கள்.

ஒன்பதாவது அறிகுறி இருந்தால் இரண்டு வாரம் காத்திருத்தல் கூடாது. அன்றே உதவி நாட வேண்டும். அவரைத் தனியே விடவும் கூடாது. "சாகவேண்டும் போல் இருக்கிறதா" என்று கனிவோடு நேராகக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வே வரும்.

வயதுக்கேற்ப நோயின் தோற்றம் மாறும். சிறுவரிடம் எரிச்சலாகவும் படிப்பில் பின்தங்குதலாகவும், ஆண்களிடம் கோபமாகவும் குடியாகவும், முதியோரிடம் மறதியாகவும் தென்படலாம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்மாருக்கு வரும் மனச்சோர்வைத் "தூக்கமில்லாத அசதி" என்று விட்டுவிடுதல் தவறு.

உதவி நாடும் வழி

மனநல மருத்துவரிடமே முதலில் செல்ல வேண்டும் என்பதில்லை. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ தொடங்கலாம். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, சில மருந்துகள் ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால் இரத்தச் சோதனை செய்வர். எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானசு' சேவையின் 14416 என்ற எண்ணிலும் தமிழில் பேசலாம். இலங்கையில் 1926 என்ற எண் உள்ளது.

மிதமான நோய்க்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். கடுமையானதற்கு மருந்தும் தேவைப்படும். மனச்சோர்வுக்கான மருந்துகள் தூக்க மாத்திரைகள் அல்ல. போதைப் பழக்கத்தை உண்டாக்குவனவும் அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் பயனில்லை என்று நிறுத்திவிடுவதும், நலமானதும் தாமாக நிறுத்திவிடுவதும் பலர் செய்யும் பிழைகள். குணமான பின்னும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடருமாறு மருத்துவர்கள் கூறுவது, நோய் திரும்பாமல் இருப்பதற்காகவே.

உடன் இருப்பவர்கள் செய்யத்தக்கது எளியது. "மனசைத் திடப்படுத்திக்கோ" என்று சொல்வதைத் தவிர்த்து, "நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போகலாம், நானும் வர்றேன்" என்று சொல்லலாம். முதல் முறை செல்லும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தால், அடுத்த முறை செல்வது நோயாளிக்கு எளிதாகும்.